எட்டடிக் கூடத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும்?

கேள்வி இதுதான்: திருமங்கலத்தில் வீடு. கூடத்தில் டிவி இருக்கும் சுவருக்கும் அப்பாவின் நாற்காலிக்கும் இடையே எட்டடி. நெடுநாள் உழைத்த 21 அங்குலப் பெட்டி டிவி போன மாதம் கண்ணை மூடிவிட்டது. கேபிள் இணைப்பு இருக்கிறது, வைஃபையும் உண்டு. மதுரை டவுன் ஹால் ரோட்டில் இரண்டு கடை ஏறி இறங்கியதில் எச்டி ரெடி, ஃபுல் எச்டி, 4கே என்று ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பிவிட்டார்கள். 32 அங்குலம் போதுமா, 43 வாங்கலாமா, எந்த ரெசல்யூஷன்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. உங்கள் கூடத்துக்கு 43 அங்குலம் சரியான அளவு. அதில் ஃபுல் எச்டி போதும். விலை வித்தியாசம் சொற்பமாக இருந்தால் 4கே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேபிள் பாக்ஸை மாற்றாமல் இந்த இரண்டில் எதை வாங்கி மாட்டினாலும், “பழைய டிவியே தேவலை” என்று அப்பா ஒரு வாரத்துக்குள் சொல்வார். முப்பது ஆண்டுகளாக டிவி பழுது பார்க்கிறேன். பழுதே இல்லாத புது டிவிக்கு என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

ரெசல்யூஷன் என்பதைத் தமிழில் ‘தெளிவுத்திறன்’ என்று எழுதுகிறார்கள். பாதிக் குழப்பம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அது தெளிவின் அளவு இல்லை, புள்ளிகளின் எண்ணிக்கை. திரையில் குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை வரிசை, அவ்வளவுதான். எச்டி ரெடி என்றால் பெரும்பாலும் 1366 × 768. பெருக்கினால் பத்து லட்சத்துச் சொச்சம். ஃபுல் எச்டி 1920 × 1080, அதாவது இருபது லட்சத்து எழுபதாயிரம் புள்ளிகள். 4கே என்றும் அல்ட்ரா எச்டி என்றும் விற்பது 3840 × 2160, ஏறக்குறைய எண்பத்து மூன்று லட்சம். சினிமாக்காரர்களின் 4கே-யில் குறுக்கே 4096 புள்ளி. டிவிக் கம்பெனிகள் பெயரை மட்டும் கடன் வாங்கிக்கொண்டன. 8கே-யும் கடையில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

இத்தனை புள்ளி இருந்தும் படம் மங்கலாக இருக்கலாம். சுங்குடிச் சேலை எடுக்கப் போகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். கையில் வாங்கி ஒவ்வொரு முடிச்சுப் புள்ளியையும் தடவிப் பார்ப்பார்கள். அதே சேலையைக் கட்டிக்கொண்டு தெருக்கோடியில் ஒருவர் நடந்து போனால் புள்ளி தெரியாது, நிறம்தான் தெரியும். டிவிப் புள்ளிக்கும் தூரம்தான் கணக்கு.

அந்தத் தூரத்தைக் கணக்கிடவும் வழி இருக்கிறது. கண் பரிசோதனைக்குப் போனால், நம் ஊர் அரவிந்த் மருத்துவமனையானாலும் வேறு எதுவானாலும், எழுத்துப் பலகையைத்தான் முதலில் படிக்கச் சொல்வார்கள். அதில் 6/6 என்ற வரிசையைப் படித்துவிட்டால் பார்வை சரி. அந்த வரிசையில் ஓர் எழுத்துக் கோட்டின் தடிமன், ஆறு மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கும்போது, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம்தான். அதற்கும் சிறியதைச் சாதாரணக் கண் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது கடினம். இதை டிவிப் புள்ளிக்குப் பொருத்தினால் ஒரு வாய்ப்பாடு கிடைக்கிறது. திரையின் மூலைவிட்ட அளவை ஃபுல் எச்டி என்றால் ஒன்றரை மடங்கு போலவும், 4கே என்றால் முக்கால் மடங்கு போலவும், எச்டி ரெடி என்றால் இரண்டே கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தைத் தாண்டி உட்கார்ந்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

43 அங்குல ஃபுல் எச்டிக்கு அந்த எல்லை ஐந்தரை அடி. 4கே-க்கு மூன்றடிக்கும் கீழே. அப்பா உட்காருவது எட்டடியில். அங்கிருந்து பார்த்தால் இரண்டு டிவியின் புள்ளிகளும் அவர் கண்ணுக்கு எட்டாது. 4கே-யின் கூடுதல் புள்ளிகளால் எட்டடியில் பலன் கிடைக்க வேண்டுமென்றால் 61 அங்குலத்துக்கு மேல் திரை வேண்டும். பெரும்பாலான தியேட்டர்களில் இன்றும் 2கே புரொஜக்டர்தான், 2048 × 1080. சுவர் அகலத் திரையில் ஃபுல் எச்டியைவிடக் கொஞ்சமே அதிகமான புள்ளிகளை வைத்துக்கொண்டு முதல் நாள் முதல் காட்சியில் விசிலடிக்கிறோம். முன் வரிசைக்காரர்களைத் தவிர யாரும் குறை சொல்வதில்லை.

32 அங்குலம் எச்டி ரெடி என்றால் எல்லை ஆறடிக்குச் சற்றுக் குறைவு. எட்டடியில் அதுவும் போதும். அதனால்தான் 32 வாங்குகிறவர்களிடம் ஃபுல் எச்டிக்காக நான் வற்புறுத்துவதில்லை. படுக்கையறைக்குத் தாராளமாக வாங்கலாம். கூடத்துக்கு 43 என்று நான் சொல்வதற்குக் காரணம் புள்ளி இல்லை, எழுத்து. செய்திச் சேனலில் கீழே ஓடும் வரியை எட்டடியிலிருந்து 32-இல் படிக்கப் பெரியவர்கள் கண்ணைச் சுருக்குகிறார்கள். போதாததற்கு, முன்பெல்லாம் 32-ஐத் தாண்டினால் ஜிஎஸ்டி 28 சதவீதம்; 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய திரைக்கும் 18 சதவீதமாகிவிட்டது. வரிக்குப் பயந்து சிறியது வாங்கிய காலம் போய்விட்டது.

கேபிள் பாக்ஸை மாற்றச் சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். அதுதான் இதில் முக்கியமானது.

கொடைக்கானல் கோபுரம் இருக்கும் திசைக்கு மொட்டை மாடியில் ஆண்டெனாவைத் திருப்பி, “தெரியுதா, தெரியுதா” என்று கீழே கத்திய நாளிலிருந்து இங்கே படத்தின் அளவு 576 வரிசைதான். 625 வரிசை அனுப்புவார்கள். அதில் படம் தாங்கி வருவது 576. டிஜிட்டல் கேபிள் வந்தபிறகும் சாதாரண பாக்ஸ், அதாவது எஸ்டி பாக்ஸ், தருவது அதிகபட்சம் 720 × 576. உங்கள் பழைய 21 அங்குலப் பெட்டியில் படத்தின் உயரம் ஓரடி. அந்த ஓரடிக்குள் 576 வரிசை நெருக்கமாக உட்கார்ந்திருந்தது. ஆறடி தள்ளிப் பார்த்தால் குறையே தெரியாது. 43 அங்குலத் திரையின் உயரம் 21 அங்குலம். வரிசை அதே 576. ஓரடிக்குள் இருந்ததை ஒன்றே முக்கால் அடிக்கு இழுத்துப் பரப்ப வேண்டும். அதே கோணக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், 43 அங்குலத்தில் எஸ்டி படம் குறையில்லாமல் தெரிய பத்தரை அடி தள்ளி உட்கார வேண்டும். எட்டடியில் உட்கார்ந்தால் முகங்கள் மெழுகுபோல வழவழப்பாகத் தெரியும், எழுத்தின் ஓரம் நொறுங்கும். 4கே வாங்கினாலும் வருகிற படத்தில் இல்லாத புள்ளியை டிவி எங்கிருந்து கொண்டுவரும்? பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்பும். நல்ல டிவி நன்றாக ஊகிக்கும், மலிவான டிவி சுமாராக ஊகிக்கும். இரண்டும் ஊகம்தான்.

என் தங்கை வீடு சோழவந்தானில். மச்சான் வீட்டில் யாரையும் கேட்காமல் 55 அங்குல 4கே வாங்கி மாட்டிவிட்டு, இரண்டாம் நாளே எனக்குப் போன் செய்தார், குரலில் சூடு. போய்ப் பார்த்தேன். டிவியில் ஒரு குறையும் இல்லை. பொருத்த வந்த பையன் பழைய எஸ்டி பாக்ஸை, பழைய டிவியில் செருகியிருந்த அதே மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் அப்படியே இணைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த வயரில் எஸ்டியைத் தாண்டி எதுவும் வராது. எச்டி பாக்ஸை வைத்தாலும் வராது. போதாக்குறைக்கு, சதுரமாக வரும் பழைய படங்களைத் திரை முழுக்க இழுத்து வைத்திருந்தான். கதாநாயகி முகமெல்லாம் பூசணிக்காய். கேபிள்காரரிடம் பேசி எச்டி பாக்ஸ் வாங்கினோம். படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ வயர் போட்டேன். அதன் பிறகும் படம் தேறவில்லை. பாக்ஸின் மெனுவைத் திறந்து பார்த்தால் வெளியீடு 576 என்றே இருந்தது. அதை 1080-க்கு மாற்றி, சானல் எண்ணையும் எச்டி எண்ணாக மாற்றிய பிறகுதான் மச்சான் காபி கொடுக்கச் சொன்னார்.

எனவே நீங்கள் செய்ய வேண்டியதும் அந்த நான்குதான்: எச்டி பாக்ஸ், எச்டிஎம்ஐ வயர், பாக்ஸ் மெனுவில் 1080, பெயரில் எச்டி என்று வரும் சானல். நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் பணம் வீண். எச்டி சானல்களுக்கு மாதக் கட்டணம் கூடும். எல்லாவற்றையும் வாங்காமல் வீட்டில் பார்க்கும் நான்கைந்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். நாம் அன்றாடம் பார்க்கும் தமிழ்ச் சானல் எதுவும் 4கே-யில் வருவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விற்பனையாளர் அதைச் சொல்ல மாட்டார்.

எச்டி சானல் பெரும்பாலும் 1080ஐ (ஆங்கிலத்தில் 1080i) என்ற முறையில் வருகிறது. எண்ணின் பின்னால் நிற்கும் அந்த ‘ஐ’ சும்மா நிற்கவில்லை. ஒற்றைப்படை வரிசைகளை ஒருமுறை, இரட்டைப்படை வரிசைகளை அடுத்தமுறை என்று நொடிக்கு ஐம்பது தடவை மாற்றி மாற்றி அனுப்புவார்கள். இரண்டையும் சேர்த்து முழுப்படம் ஆக்குவது டிவியின் வேலை. பட்டிமன்றம் பார்த்தால் பிரச்சினையே இல்லை. பேசுகிறவர் நின்ற இடத்தில் நிற்கிறார். பொங்கலுக்கு அலங்காநல்லூர் நேரலையைப் போடுங்கள். வாடிவாசலிலிருந்து காளை பாய்ந்து வருகிற அரை நொடியில், ஒற்றை வரிசை எடுத்தபோது இருந்த இடத்தில் இரட்டை வரிசை எடுக்கும்போது காளை இல்லை. மலிவான டிவி இதைச் சேர்க்கத் தெரியாமல் கொம்பின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு காட்டும். புள்ளி எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் இரண்டு டிவிக்கு விலை வித்தியாசம் இருப்பதற்கு உள்ளே இருக்கும் இந்தச் சிப்பும் ஒரு காரணம்.

இன்னொன்று, சுருக்கி அனுப்புவது. அழகர் ஆற்றில் இறங்கும் நேரலையை எச்டியில் பார்த்தும் படம் கட்டம் கட்டமாக உடைவதைக் கண்டு டிவியைத் திட்டியவர்கள் உண்டு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் அனுப்பித்தான் இந்தக் காலத்து ஒளிபரப்பு நடக்கிறது. செய்தி வாசிப்பவருக்கு உதடு மட்டும் அசையும். அனுப்ப வேண்டியது கொஞ்சம். வைகைக்குள் லட்சம் தலை அசைகிறது, தோல் பையிலிருந்து நான்கு பக்கமும் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில். எல்லாமே மாறுகிறது, அனுப்பும் குழாயோ அதே அகலம்தான். அதனால் நுணுக்கத்தைக் கழித்துவிட்டுக் கட்டமாக அனுப்புகிறார்கள். 8கே டிவி வாங்கினாலும் அந்தக் கட்டத்தைத்தான் பெரிதாகப் பார்ப்பீர்கள்.

வைஃபை இருப்பதாகச் சொன்னீர்கள். 4கே-க்கு உருப்படியான வேலை அங்கேதான் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் கேட்கிறது, ஃபுல் எச்டிக்கு 5 போதும். இந்தியாவில் அதன் பேசிக் திட்டம் 720 வரிசையோடும் ஸ்டாண்டர்டு 1080-ஓடும் நிற்கும்; 4கே பார்க்க பிரீமியம் கட்ட வேண்டும். ஒரு மணி நேர 4கே ஏழு ஜிபி வரை விழுங்கும். செல்போனிலிருந்து நெட் பகிர்ந்து பார்க்கிறவர் என்றால் தினசரி இரண்டு ஜிபி பதினேழு நிமிடத்தில் காலி, கதாநாயகன் அறிமுகமாவதற்குள். உங்களுக்கு கம்பி வழி இணைப்பு என்றால் கவலையில்லை. குழந்தைகள் டிவிக்கு மூன்றடியில் தரையில் படுத்துக்கொண்டு யூடியூப் பார்க்கும் வீடு என்றால் அந்தத் தூரத்தில் 4கே-யின் வித்தியாசம் தெரியவே செய்யும். எவ்வளவு சொன்னாலும் அவர்கள் தள்ளி உட்காரப் போவதில்லை.

விலை வித்தியாசம் சிறிதென்றால் 4கே எடுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இன்னொரு காரணம், கம்பெனிகள் நல்ல சிப்பையும் பேனலையும், அதாவது படம் காட்டும் திரைத் தகட்டையும், இப்போது 4கே மாடல்களில்தான் போடுகின்றன. தவிர 1080-ஐ இரண்டால் பெருக்கினால் சரியாக 2160. ஒரு புள்ளிக்கு நான்கு புள்ளி என்று பிசிறில்லாமல் நிரப்பலாம். 720-ஐ மூன்றால் பெருக்கினாலும் 2160. எச்டி ரெடியின் 768-க்கு எந்தக் கணக்கும் முழுசாகப் பொருந்தாது. அது கம்ப்யூட்டர் திரையிலிருந்து வந்த எண், டிவி ஒளிபரப்பில் அப்படி ஓர் அளவே கிடையாது. ஆனாலும், பேர் தெரியாத பிராண்டின் 4கே-யும் பேர் பெற்ற பிராண்டின் ஃபுல் எச்டியும் ஒரே விலைக்கு வந்தால் இரண்டாவதை எடுங்கள்.

அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ‘எச்டி ரெடி’ என்பதே 2005-இல் ஐரோப்பாவில் ஒட்ட ஆரம்பித்த முத்திரை; எச்டி படத்தை வாங்கிக்கொள்ளும், குறைந்தது 720 வரிசையில் காட்டும் என்பதுதான் அதன் பொருள். வாங்கிக்கொள்வது வேறு, காட்டுவது வேறு. “4கே சப்போர்ட்”, “1080 வீடியோ ஓடும்” என்று பெரிதாகப் போட்டிருக்கும் 32 அங்குல டிவியின் பேனல் 1366 × 768-ஆக இருக்கும். அது 4கே படத்தை வாங்கிச் சிறிதாக்கிக் காட்டும். டிஸ்ப்ளே ரெசல்யூஷன் என்ற இடத்தில் இருக்கும் இரண்டு எண்களை மட்டும் நம்புங்கள். அளவு சென்டிமீட்டரில் இருந்தால் பதற வேண்டாம்: 80 என்றால் 32 அங்குலம், 108 என்றால் 43, 139 என்றால் 55.

கடையில் ஓடுகிற மயிலும் அருவியும் பவளப்பாறையும் டிவியை விற்பதற்கென்றே எடுத்தவை. அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படம் ‘விவிட்’ என்ற கண்கூசும் அமைப்பில் இருக்கும். ஸ்டாண்டர்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு சாதாரணத் தமிழ்ச் செய்திச் சானல் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் போடுவார்கள். இப்போது தரையைப் பாருங்கள். பெரும்பாலான கடைகளில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ்; நான்கு எண்ணிப் பின்னால் நகர்ந்தால் உங்கள் வீட்டு எட்டடி. அங்கே நின்று ஓடும் எழுத்தைப் படியுங்கள். ண-வின் மூன்று சுழி ன-வின் இரண்டு சுழியிலிருந்து பிரிந்து தெரிகிறதா, மெய்யெழுத்தின் தலைப் புள்ளி உருண்டையாக நிற்கிறதா அல்லது எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறதா? தமிழ் எழுத்தைவிட நல்ல சோதனைப் படம் நான் பார்த்ததில்லை.

அப்படியே இரண்டு எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தும் பாருங்கள். நம் வீடுகளில் டிவிக்கு நேராக உட்காருகிறவர் ஒருவர்தான், அநேகமாக அப்பா. அம்மா சீரியல் பார்ப்பது அடுப்படி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, ஓரமாக, பன்னிரண்டு அடியிலிருந்து. அவருக்கு ரெசல்யூஷன் ஒரு பொருட்டே இல்லை. பக்கவாட்டில் நிறம் வெளுக்கும் பேனலாக இருந்தால்தான் அவருக்கு நஷ்டம். பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது. நின்று பார்த்தால்தான் தெரியும். வாசல் கதவு திறந்திருந்தால் வெயில் நேராகத் திரையில் அடிக்கும் கூடமா என்பதையும் கவனியுங்கள். அப்படியென்றால் பளபளப்பான திரையைத் தவிர்த்துவிடுங்கள்.

பழைய டிவி இருந்தது ஷோகேஸுக்குள் என்றால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் காலத்துத் தச்சர் சதுரப் பெட்டிக்காக விட்ட பொந்து அது. 43 அங்குல டிவியின் அகலம் முப்பத்தேழரை அங்குலம், சட்டத்தையும் சேர்த்தால் முப்பத்தெட்டு. பொந்தை அளந்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். இல்லையென்றால் டிவி வந்து இறங்கிய அன்றைக்குத் தச்சரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.